காய்ந்த தண்டு

ஊட்டியில் இரண்டாம் ஆட்டம் விட்டபோது
மணி ஒன்றே கால்.
மொத்தம் பதினான்கு பேர்.
அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்,
படத்தின் மேல் அவர்களுக்குப் புகார் இல்லை.

ஜோகி சாவியைத் திருகும் முன்பே தொடங்கிவிட்டான்:
"சுவத்துக்குள்ள மூச்சு விடும், அவ்வளவுதான்.
மூணு பாகமா அதுவே போதுமா இருந்துச்சு.
இப்ப அதுக்கு ஆய்வுக்கூடம், பெத்தவன், வளத்தவன்.
ஆதார் எடுக்கறது மட்டுந்தான் பாக்கி.
எடுத்துட்டா
அதுக்கும் நமக்கும் என்னடா வித்தியாசம்?"

பீரானுக்குப் பிடித்திருந்தது.
கூடலூரில் பேக்கரி அடுப்பைத் தம்பியிடம் விட்டு
ஐம்பது கிலோமீட்டர் மலையேறி வந்தவனுக்குப்
பிடிக்காமல் எப்படி என்றான் ஜோகி.
"கதவ மூடப் போனவன்
ஒரு தடவ திரும்பிப் பாத்தானே,
அந்த ஒரு இடத்துக்கே காசு செரிச்சுடுச்சு."

மெர்லின் நர்சிங் மூன்றாம் வருடம்.
"புதுக் கிரகத்துல ஹெல்மெட்டக் கழட்டறான்.
சுவத்துப் பிசின வெறுங்கையால தொட்டு
மோந்து வேற பாக்கறான்.
எங்க வார்டுல சேர்ந்து ரெண்டு நாளான பொண்ணுகூட
இதச் செய்ய மாட்டா.
செத்தது நியாயம்."

பின்சீட்டில் சிவனேசன்,
கண்ணாடியில் படிந்த மூச்சை விரலால் கிழித்தபடி:
"முதல் பாகமே காலிக் கப்பல்லதான ஆரம்பிக்குது.
ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்கன்னு தெரியும்.
பொறகு எதுக்குப் பதறணும்?"
அவன் வீட்டார் மன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள்.
கப்பல் பற்றி அவன் சொன்னால்
நாங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பாகத்தில் ஒரு காட்சி.
அவள் டார்ச்சோடு சமையலறையைக் கடக்கிறாள்.
இடப்பக்கம், அரை நொடி,
தகர டப்பாவில் காய்ந்த தண்டு ஒன்று.
பக்கத்தில் மண்ணில் குத்திய கரண்டி.
கேமரா நிற்காது. இசையும் மாறாது.
பதினோரு வருடமாக
அந்தக் கரண்டி எனக்குள் குத்தி நிற்கிறது.
யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று அந்தத் தண்டில் நான்கு இலை.

சமையல்காரன்.
பெயரை ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள்,
அதுவும் சைரன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.
அளந்து கொடுத்த குடிநீரில் பாதியை ஊற்றினான்.
தண்டு சாய்ந்தது. சுற்றிலும் பார்த்தான்.
கைக்குக் கிடைத்த கரண்டியை நட்டு
நூலால் கட்டினான்.
யாரோ அழைக்க
ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வெளியே போனான்.
அவன் செத்ததைக்கூடக் காட்டவில்லை.

லவ்டேல் தாண்டி ஒரு வளைவில்
ஜோகி பிரேக்கை மிதித்தான்.
பனிமூட்டத்துக்குள் ஒரு காட்டெருமை,
சாலையின் அகலத்துக்கு.
விளக்கைத் தணித்தான்.
மூச்சு மட்டும் வெள்ளையாக வந்து வந்து போனது.
"இதுக்கு முன்கதை வேணுமா?"
பீரான் காதருகே கேட்டான்.
மெர்லின் அவன் தொடையைக் கிள்ளினாள்.
எவ்வளவு நேரம் நின்றோமோ.
அது சீகை மரங்களுக்குள் இறங்கிய பிறகும்
ஜோகி கியரைத் தொடவில்லை.

கேத்தி பாலாடாவில் இறங்கினேன்.
பீரானிடம் அறைச் சாவியைக் கொடுத்தேன்,
வலப்பக்கக் கம்பளி என்னுடையது என்றேன்.
லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது.
விடிவதற்குள் நூற்றிருபது மூட்டை கேரட்டைக் கழுவி
மேட்டுப்பாளையம் அனுப்ப வேண்டும்.

ஜோகி கண்ணாடியை இறக்கினான்.
"நீ சொல்லவே இல்லையே,
படம் எப்படி?"

"சுமார்தான்," என்றேன்.

கழுவும் எந்திரம் உறுமத் தொடங்கியது.
குழாயைத் திறந்தேன்.
முதல் தண்ணீர் எப்போதும்
மண்ணாகத்தான் வரும்.